தண்ணீர் டிரம்மை வைத்துவிட்டுப் போகும் சூப்பர்வைசர்களுக்கு ஒரு திறந்த மடல்

வெயிலில் ஆள் வைத்து வேலை வாங்கும் சூப்பர்வைசர்கள், மேஸ்திரிகள், காண்ட்ராக்டர்கள் எல்லாருக்கும் வணக்கம்.

வெயில் ஏறத் தொடங்கியதும் நீங்கள் செய்கிற முதல் காரியம் எங்களுக்கு மனப்பாடம். கேட் பக்கத்தில் ஒரு டிரம், அதற்கு மேலே "நிறையத் தண்ணீர் குடியுங்கள்" என்று ஒரு போர்டு, காலையில் ஆள் கணக்கு எடுக்கும்போது ஒரு நிமிடப் பேச்சு. அதோடு சரி. மத்தியானம் ஒருவருக்குக் கெண்டைக்கால் சுருட்டிப் பிடித்து அப்படியே கீழே உட்கார்ந்துவிட்டால், "காலையிலேயே சொன்னேனே, தண்ணி குடிக்கலையா?" என்று கேட்பீர்கள். அந்தக் கேள்விக்குத்தான் இந்தப் பதில். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் கம்பி கட்டும் வேலை பார்ப்பவன், டாக்டர் இல்லை. ஆனால் இந்தப் பிடிப்பைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் தேடிப் படித்திருக்கிறேன், ஏனென்றால் இது எங்கள் உடம்பில் நடக்கிறது. படித்ததில் புரிந்தது இதுதான்: பிடிப்பு வந்த ஆளை முறைப்பதற்கு முன்னால் வேலை எப்படிப் பிரித்துக் கொடுக்கப்பட்டிருக்கிறது என்று பார்க்க வேண்டும். தண்ணீர் குடிப்பது எங்கள் கையில் இருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். குடிக்க நேரமும், அது எட்டும் தூரத்தில் இருப்பதும், குடித்தபின் ஒதுங்க ஓர் இடமும் உங்கள் கையில் இருக்கின்றன.

முதலில் கணக்கு. வெயிலில் கடின வேலை செய்கிற ஆளுக்கு மணிக்குச் சுமார் ஒரு லிட்டர் வியர்வை போவது சாதாரணம், சிலருக்கு 2 லிட்டர் வரைகூடப் போகும். அந்த ஒரு லிட்டரில் ஆளைப் பொறுத்து 1 முதல் 4 கிராம் வரை உப்பு வெளியேறுகிறது. சிலருடைய சட்டையில் சாயங்காலம் வெள்ளைக் கோடு கோடாகப் படிந்திருக்குமே, அது இந்த உப்புதான். நாலு மணி நேரம் வெயிலில் நின்றவர் எவ்வளவு இழந்திருப்பார் என்று நீங்களே பெருக்கிப் பாருங்கள். சாதாரணமாக ஒரு மனிதர் நாள் முழுக்கவே 5 கிராமுக்குக் குறைவாக உப்பு சேர்த்துக்கொண்டால் போதும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. எங்களில் சிலர் மத்தியானத்துக்குள் அதற்கு மேலேயே சட்டையில் விட்டுவிடுகிறோம்.

இது புதுக் கண்டுபிடிப்பும் இல்லை. நூறு வருடத்துக்கு முன்பே, 1923-ல், இங்கிலாந்தின் ஆழமான நிலக்கரிச் சுரங்கங்களில் வேலை செய்தவர்களுக்கு வந்த பிடிப்பைப் பற்றி மாஸ் என்பவர் எழுதினார். வியர்வையில் உப்பும் நீரும் போகிறது, அவர்கள் நிறைய வெறும் தண்ணீராகக் குடிக்கிறார்கள், பிடிப்பு வருகிறது, தண்ணீரில் கொஞ்சம் உப்பு சேர்த்தால் குறைகிறது. அப்புறம் அமெரிக்காவில் ஹூவர் அணை கட்டத் தொடங்கிய 1931 கோடையில் வெப்பம் தாங்காமல் தொழிலாளர்கள் செத்தார்கள். அடுத்த வருடமே ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் உடற்சோர்வு ஆய்வுக்கூடத்திலிருந்து ஒரு குழு அங்கே போய், வேலையாட்களின் வியர்வையையும் இரத்தத்தையும் சோதித்தது. அவர்களும் உப்பைத்தான் சுட்டிக்காட்டினார்கள். ஆனால் இன்றைக்கும் உங்கள் போர்டில் தண்ணீர் மட்டும்தான் இருக்கிறது.

உப்பு மட்டும்தான் காரணம் என்று சத்தியம் செய்யவும் நான் தயாராக இல்லை. 1990-களிலிருந்து இன்னொரு தரப்பு பலமாக வாதிடுகிறது. நெடுந்தூரம் ஓடுகிறவர்களைச் சோதித்தபோது, பிடிப்பு வந்தவர்களுக்கும் வராதவர்களுக்கும் இரத்தத்தில் உப்பு அளவில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. அதனால் அவர்கள் சொல்வது, தசை அளவுக்கு மீறிக் களைத்துப்போகும்போது, அதைச் சுருங்கச் சொல்லும் நரம்புக் கட்டளை கூடிவிடுகிறது, "போதும், விடு" என்று சொல்லும் கட்டளை குறைந்துவிடுகிறது, அதனால் சுருங்கிய தசை சுருங்கியபடியே நின்றுவிடுகிறது. அதிகம் உழைத்த தசைதான் முதலில் பிடிக்கிறது, மெதுவாக நீட்டிவிட்டால் சட்டென்று விடுகிறது என்பதெல்லாம் இந்த விளக்கத்துக்குப் பொருந்துகிறது. இன்னொரு பக்கம், 2019-ல் ஆஸ்திரேலியாவின் எடித் கோவன் பல்கலைக்கழகத்தில் 10 பேரை வெக்கையில் ஓடவைத்து ஒரு சோதனை செய்தார்கள். ஓடியபின் வெறும் தண்ணீர் குடித்தபோது தசை முன்னைவிட எளிதாகப் பிடித்துக்கொண்டது, உப்பு-சர்க்கரைக் கரைசல் குடித்தபோது அப்படி ஆகவில்லை. சின்ன ஆய்வுதான், ஆனால் சுரங்கத்தில் பார்த்ததோடு ஒத்துப்போகிறது.

யார் ஜெயித்தாலும் எங்களுக்குக் கவலையில்லை. உப்பு என்றால் உப்பும் நீரும் வேண்டும், களைப்பு என்றால் ஓய்வு வேண்டும். வெயிலில் நிற்கிற ஆளுக்கு இரண்டுமே ஒரே நேரத்தில் தீர்ந்துபோகின்றன.

சரி, தண்ணீர். அமெரிக்கத் தொழில் பாதுகாப்பு வழிகாட்டுதல்களில் 15 முதல் 20 நிமிடத்துக்கு ஒரு முறை ஒரு டம்ளர், அதாவது சுமார் 240 மில்லி, என்று இருக்கிறது. அப்படிக் குடித்தால் மணிக்கு முக்கால் லிட்டரிலிருந்து ஒரு லிட்டர். தாகம் எடுக்கட்டும் என்று காத்திருக்கக் கூடாது, வேலை மும்முரத்தில் தாகம் தெரிகிறபோது உடம்பு ஏற்கெனவே கொஞ்சம் வறண்டிருக்கும். மூன்று மணி நேரம் குடிக்காமல் இருந்துவிட்டு இடைவேளையில் ஒன்றரை லிட்டரை மடமடவென்று ஊற்றிக்கொள்வதும் உதவாது. வயிறு ஒரு மணி நேரத்தில் குடலுக்கு அனுப்புவது கிட்டத்தட்ட ஒரு லிட்டர்தான், மிச்சம் வயிற்றுக்குள் குலுங்கிக்கொண்டே இருக்கும், குனிந்தால் குமட்டும்.

அப்படியானால் டிரம் எங்கே இருக்க வேண்டும்? 20 நிமிடத்துக்கு ஒரு முறை கேட் வரை நடந்து போய் வர யாராலும் முடியாது, போனால் நீங்களும் விடமாட்டீர்கள். ஆகவே தண்ணீர் நாங்கள் இருக்கிற இடத்துக்கு வர வேண்டும், தளத்துக்கு ஒன்று, கும்பலுக்கு ஒன்று என்று. அது நிழலில் இருக்க வேண்டும். 10 முதல் 15 டிகிரி வரை குளிர்ந்த தண்ணீரை ஆட்கள் தானாகவே அதிகம் குடிப்பார்கள், வெயிலில் காய்ந்து சூடான தண்ணீரை வாயில் வைத்ததும் துப்புவார்கள். கலிஃபோர்னியாவில் இது சட்டம். சுத்தமான, போதிய அளவு குளிர்ந்த தண்ணீர், ஆளுக்கு மணிக்கு ஒரு குவார்ட், அதாவது ஏறத்தாழ ஒரு லிட்டர், இலவசமாக, வேலை நடக்கும் இடத்துக்கு முடிந்த அளவு பக்கத்தில். "பக்கத்தில்" என்ற சொல்லைச் சட்டத்திலேயே எழுத வேண்டியிருந்தது என்றால், அங்கேயும் டிரம் கேட் பக்கத்தில்தான் இருந்திருக்கிறது போல.

இன்னொரு பக்கமும் உண்டு, அதை உங்கள் போர்டு சொல்வதே இல்லை. "நிறைய" என்பதற்கு ஓர் எல்லை இருக்கிறது. மணிக்கு ஒன்றரை லிட்டரைத் தொடும் அளவுக்கு வெறும் தண்ணீராகக் குடித்துக்கொண்டே போனால் இரத்தத்தில் உப்பு நீர்த்துப்போகும். தலைவலி, வாந்தி, குழப்பம், வலிப்பு, சாவு வரைக்கும் அது போகலாம். 2002-ல் பாஸ்டன் மாரத்தான் முடித்தவர்களில் 488 பேரைச் சோதித்தபோது 13 சதவீதம் பேருக்கு இரத்தத்தில் சோடியம் குறைந்திருந்தது. அவர்களில் பலர் ஓட்டத்தின்போது எடை குறைவதற்குப் பதிலாகக் கூடியிருந்தார்கள், அவ்வளவு குடித்திருக்கிறார்கள். மயங்கிக் குழம்பி நிற்கிற ஆளைப் பார்த்ததும் இன்னும் ஒரு பாட்டில் தண்ணீரை வாயில் திணிப்பது எல்லா நேரமும் உதவி ஆகாது.

உப்பு விஷயத்தில் ரொம்பச் சிக்கலாக ஒன்றும் செய்ய வேண்டாம். ஒழுங்காகச் சாப்பிடுகிற ஆளுக்குச் சாப்பாட்டிலிருந்தே பெரும்பாலும் போதிய உப்பு கிடைத்துவிடும், அதனால் முதல் கோரிக்கை, சாப்பாட்டு நேரத்தில் கை வைக்காதீர்கள். கான்கிரீட் வண்டி வந்துவிட்டது, இதை முடித்துவிட்டுச் சாப்பிடலாம் என்று இரண்டு மணியை நாலு மணியாக்கும் நாட்களில்தான் பிடிப்பு அதிகம், கவனித்துப் பாருங்கள். இரண்டாவது, இரண்டு மணி நேரத்துக்கு மேல் விடாமல் வியர்க்கிற வேலை என்றால் தண்ணீரோடு உப்புக் கரைசலும் இருக்கட்டும். ஓஆர்எஸ் பாக்கெட்டில் எத்தனை மில்லி என்று போட்டிருக்கிறதோ அத்தனை தண்ணீரில் முழுப் பாக்கெட்டையும் கரைக்க வேண்டும், கண்மதிப்பில் கொட்டக் கூடாது. பாக்கெட் இல்லாவிட்டால் ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீருக்கு மட்டமாக 6 டீஸ்பூன் சர்க்கரை, மட்டமாக அரை டீஸ்பூன் உப்பு. சர்க்கரை ருசிக்காகச் சேர்ப்பதல்ல, குடல் சுவரில் சோடியமும் குளுக்கோஸும் சேர்ந்தே உள்ளே போகும் ஒரு வழி இருக்கிறது, அவற்றின் பின்னாலேயே தண்ணீரும் போகிறது. உப்பைக் கூட்டினால் இன்னும் நல்லது என்று யாராவது கிளம்பினால் தடுத்துவிடுங்கள், அது வாந்தியில் முடியும். உப்பு மாத்திரையை அப்படியே விழுங்கக் கொடுக்கும் பழக்கமும் வேண்டாம்.

இரத்த அழுத்தம், இதயக் கோளாறு, சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கும், நீர் பிரிய மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கும் இந்தக் கணக்கெல்லாம் பொருந்தாது. எவ்வளவு குடிக்கலாம், உப்பு சேர்க்கலாமா என்று அவர்கள் தங்கள் டாக்டரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். அப்படிக் கேட்டுவிட்டு வந்து உங்களிடம் சொன்னால் வேலையை விட்டு நிறுத்திவிடுவீர்கள் என்ற பயத்தில் பலர் சொல்வதே இல்லை. அந்தப் பயத்தைப் போக்க வேண்டியது நீங்கள்தான்.

இனி நான் முக்கியமாகச் சொல்ல வந்தது. கூச்சமாக இருந்தாலும் எழுதுகிறேன்: கழிப்பறை. எங்களோடு வேலை செய்கிற பெண்களில் பலர் வேண்டுமென்றேதான் தண்ணீர் குடிப்பதில்லை. காலையில் வீட்டிலிருந்து கிளம்பும்போதே நிறுத்திவிடுகிறார்கள், ஏனென்றால் நாள் முழுக்க ஒதுங்க இடமில்லை, இருக்கிற ஒன்றுக்கும் தாழ்ப்பாள் இல்லை, தண்ணீர் இல்லை. அவர்களிடம் போய் "நிறையத் தண்ணீர் குடியுங்கள்" என்று சொல்வது கிண்டல் செய்வதுபோல்தான் இருக்கிறது. உடம்பு வறண்டால் பிடிப்பு மட்டுமா, சிறுநீர்த் தொற்று, கல் என்று வரிசையாக வரும். ஆண்களுக்கு இந்தப் பிரச்சினை இல்லை என்று நினைத்துக்கொள்ளாதீர்கள், உயரத்தில் கட்டுவேலை செய்கிறவர் இடுப்புக் கயிற்றை அவிழ்த்து, ஏழு மாடி இறங்கி, ஏறி, மறுபடி மாட்ட வேண்டும், அவரும் குடிக்காமல்தான் இருப்பார். நீங்கள் ஓஆர்எஸ் பெட்டிகளை அடுக்கி வைப்பதற்கு முன்னால் கழிப்பறையைச் சரிசெய்யுங்கள். எனக்குத் தெரிந்து தண்ணீர் குடிப்பதைக் கூட்ட அதைவிட நல்ல வழி இல்லை.

அதற்கு அடுத்தது கூலி முறை. இத்தனை கட்டினால் இத்தனை, இத்தனை சுமந்தால் இத்தனை என்று பேசி வேலைக்கு விட்டுவிட்டு, இடையில் நிழலில் உட்காருங்கள் என்றால் யார் உட்காருவார்? உட்காருகிற ஒவ்வொரு நிமிடமும் அவர் சொந்தப் பணத்திலிருந்து போகிறது. ஆகவே எண்ணிக்கைக் கூலியானாலும் ஓய்வு நேரத்துக்குத் தனியாகப் பணம் இருக்க வேண்டும், அதை எல்லாரும் ஒரே நேரத்தில் எடுக்கும்படி மணி அடித்து நிறுத்த வேண்டும். தனியாக உட்காருகிறவருக்குச் சோம்பேறிப் பட்டம், எல்லாரும் உட்கார்ந்தால் இடைவேளை. வேலை நட்டமாகுமே என்பீர்கள். உலக சுகாதார நிறுவனமும் உலக வானிலை அமைப்பும் 2025-ல் சேர்ந்து வெளியிட்ட அறிக்கையைப் பாருங்கள்: ஈரப்பதம், வெயில், காற்று எல்லாம் சேர்த்து அளக்கும் வெப்ப அளவு 20 டிகிரியைத் தாண்டினால், அதன்பின் ஒவ்வொரு டிகிரிக்கும் வேலைத்திறன் 2 முதல் 3 சதவீதம் குறைகிறது. ஓய்வு கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும் அந்த நட்டம் உங்களுக்கு வந்துகொண்டுதான் இருக்கிறது.

மத்திய அமெரிக்காவின் வயல்களில் வேலை செய்தவர்களுக்குச் சர்க்கரை நோயோ இரத்த அழுத்தமோ இல்லாமலே சிறுநீரகம் பழுதானதை 2002-ல் எல் சால்வடோரில் டாக்டர்கள் எழுதினார்கள். காரணம் முழுவதும் தீர்மானமாகவில்லை, ஆனால் நாள் தவறாமல் வெக்கையில் வறண்டு உழைத்ததற்கு அதில் பெரிய பங்கு இருக்கிறது என்று பல ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். கெண்டைக்கால் பிடிப்பு பத்து நிமிடத்தில் விட்டுவிடும், சிறுநீரகம் அப்படித் திரும்பாது.

எங்கள் பக்கம் செய்ய வேண்டியதும் இருக்கிறது, மறுக்கவில்லை. முந்தின நாள் இழந்ததை இரவிலேயே ஈடுகட்டிவிட்டு வர வேண்டும். காலை முதல் சிறுநீர் அடர் மஞ்சளாக இருந்தால் அன்றைக்குப் பாதி வறட்சியோடுதான் வேலைக்கு வருகிறோம் என்று அர்த்தம், சத்து மாத்திரை சாப்பிட்டாலும் மஞ்சளாகும், அது வேறு. இரவு குடித்துவிட்டு, தூங்காமல், வெறும் வயிற்றோடு வருகிறவரை டிரம் காப்பாற்றாது. டீ, காபியைக் குறை சொல்ல மாட்டேன், பழகியவர்களுக்கு அளவோடு குடித்தால் ஒன்றும் ஆகாது. தூக்கலான காஃபின் போட்ட டின் பானங்களை மட்டும் தண்ணீருக்குப் பதிலாக நினைக்க வேண்டாம். ஒரு எடை மிஷின் வாங்கி வையுங்கள், காலையிலும் சாயங்காலமும் ஏறிப் பார்க்கிறோம், ஒரு கிலோ குறைந்தால் ஒரு லிட்டர் போயிருக்கிறது. 70 கிலோ ஆளுக்கு 1.4 கிலோவுக்கு மேல் குறைந்தால் அன்றைய ஏற்பாட்டில் எங்கோ ஓட்டை.

பிடிப்பு வந்துவிட்டால்? வேலையை நிறுத்தி நிழலுக்குக் கொண்டுபோங்கள். பிடித்த தசையை மெதுவாக நீட்டிப் பிடியுங்கள், கெண்டைக்கால் என்றால் முழங்காலை நேராக வைத்துப் பாதத்தை முகத்தை நோக்கி மடக்க வேண்டும். குத்தாதீர்கள், வெடுக்கென்று இழுக்காதீர்கள். உப்புக் கரைசலைச் சிறிது சிறிதாகக் கொடுங்கள். விட்டதும் "சரி, ஏறு மேலே" என்று அனுப்பக் கூடாது, சில மணி நேரத்துக்குக் கடின வேலை வேண்டாம், சாரத்தின் மேல் நிற்கும்போது மறுபடி பிடித்தால் என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும். ஒரு மணி நேரத்தில் விடவில்லை என்றாலும், இதயக் கோளாறு உள்ளவர் என்றாலும் டாக்டரிடம் அனுப்புங்கள். சிறுநீர் கருஞ்சிவப்பாகவோ கோலா நிறத்திலோ போனால் தசை சிதைந்து சிறுநீரகத்துக்குப் போகிறது என்று பொருள், அன்றைக்கே ஆஸ்பத்திரி. பிடிப்பு சில சமயம் வீட்டுக்குப் போய்க் குளிக்கும்போதோ, இரவு படுக்கையிலோதான் வரும், காலையில் ஒருவர் அதைச் சொன்னால் நடிக்கிறார் என்று நினைக்காதீர்கள்.

உளறுவது, தள்ளாடுவது, மயங்குவது, உடம்பு நெருப்பாய்க் கொதிப்பது, இதெல்லாம் பிடிப்போடு சேர்ந்த விஷயம் இல்லை, வெப்பத் தாக்கு. அப்போது ஆம்புலன்ஸைக் கூப்பிட்டுவிட்டு, அது வரும்வரை சும்மா நிற்காமல் உடனே குளிர்ந்த தண்ணீரில் முக்குங்கள் அல்லது ஊற்றிக்கொண்டே இருங்கள், ஐஸ் இருந்தால் போடுங்கள். நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள்.

கடைசியாகப் புது ஆட்கள். வெயிலில் நடக்கும் வெப்பச் சாவுகளில் 50 முதல் 70 சதவீதம் வேலைக்கு வந்த முதல் சில நாட்களிலேயே நடக்கின்றன என்று அமெரிக்கத் தொழில் பாதுகாப்பு நிர்வாகம் சொல்கிறது. உடம்பு வெக்கைக்குப் பழக ஒன்று முதல் இரண்டு வாரம் ஆகும். பழகிய உடம்பு சீக்கிரமே வியர்க்கத் தொடங்கும், வியர்வையில் உப்பைக் குறைவாக விடும், அதனால்தான் பழைய ஆள் தாங்குகிற வேலையில் புது ஆள் சுருண்டு விழுகிறார். ஆனால் உங்கள் வழக்கம் என்ன? புதுசாக வந்தவரைச் "சோதித்துப் பார்க்க" முதல் நாளே மொட்டை வெயிலில் சுமக்க விடுவது. பரிந்துரை நேர் எதிராக இருக்கிறது: புது ஆளுக்கு முதல் நாள் வழக்கமான வெயில் வேலையில் 20 சதவீதம், அப்புறம் நாளுக்கு 20 சதவீதத்துக்கு மேல் கூட்டக் கூடாது. ஏற்கெனவே பழகி, ஒரு வாரத்துக்கு மேல் லீவில் போய்த் திரும்பியவருக்கு முதல் நாள் 50, அடுத்து 60, அடுத்து 80, நாலாவது நாள் முழுசு. திடீரென்று வெப்ப அலை வந்தால் பழைய ஆளும் புது ஆளுக்குச் சமம்தான்.

மிச்ச நேரத்துக்கு அவர்களுக்கு நிழலில் வேலை கொடுங்கள், கம்பி வெட்டுவது, பொருள் கணக்கெடுப்பது என்று எவ்வளவோ இருக்கிறது. கூலியைக் குறைக்காதீர்கள், குறைத்தால் மூன்றாவது நாளே "எனக்குப் பழகிடுச்சு சார்" என்று வந்து நிற்பார்கள். கூடவே ஒரு பழைய ஆளை ஜோடி சேர்த்துவிடுங்கள், தடுமாறுகிறவருக்குத் தான் தடுமாறுவது தெரியாது. உங்கள் சைட்டுக்கு அடுத்த கும்பல் எப்போது வருகிறதோ, அதற்கு முந்தின நாளே யாருக்கு எவ்வளவு வெயில் வேலை, யாருக்கு யார் ஜோடி, தண்ணீர் எந்தத் தளத்தில் என்று ஒரு தாளில் எழுதி அந்த டிரம்முக்கு மேலே இருக்கிற போர்டில் ஒட்டிவிடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் சைட்டில் கம்பி கட்டுகிற ஒருவன்